யெஸ்டியும் ஒரு பாடபேதமும்

எங்கள் கல்லூரியில் என்னைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. வகுப்பறைக்குள் புறநானூறு நடத்துகிறவன் என்பது ஒன்று. வண்டிக் கொட்டகையில் நீலப் புகை கிளப்புகிறவன் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் குறித்துத் துறைத்தலைவர் ஒருமுறை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும், "சம்பளக் கமிஷன் கொடுத்ததெல்லாம் உமக்குப் புகையாகத்தான் போகிறதா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை.

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிச் சீர்செய்து, தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் ஓட்டிச் செல்வது என் பொழுதுபோக்கு. இப்படி ஒரே வாக்கியத்தில் எழுதும்போது கண்ணியமாகவே தெரிகிறது. உண்மையில் ஞாயிற்றுக்கிழமையின் பெரும்பகுதி, துருவேறிய ஒரு போல்ட்டின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அது இளகுமா என்று காத்திருப்பதில் கழியும். இளகாவிட்டால் அடுத்த ஞாயிறு.

மேலை நாடுகளில் மண்ணிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டிகள் உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் சி.இசட். வண்டிகள் அவற்றில் பேர்பெற்றவை. 1964-இல் ஜோயல் ராபர்ட் என்ற பெல்ஜியத்து இளைஞர் ஒரு சி.இசட். வண்டியில்தான் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். சி.இசட்.டின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது ஜாவா. யானெசெக் என்பவர் வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் வண்டி வடிவமைப்பை வாங்கி 1929-இல் தொடங்கியது அது. இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து ஜாவா ஆயிற்று. அந்த ஜாவா 1961-இல் மைசூருக்கு வந்தது. எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறி, 1996-இல் தொழிற்சாலை மூடப்படும்வரை மைசூரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இப்போது பழைய பெயரில் புதிய வண்டிகள் விற்கிறார்கள். நான் பேசுவது அவற்றை அல்ல.

யெஸ்டி சாலைக்காகச் செய்யப்பட்ட வண்டிதான். காடுமேட்டு வண்டி என்று அதைச் சொல்லலாமா என்று தூய்மைவாதிகள் கேட்பார்கள். என் பதில் எளிது. ஐரோப்பியர்கள் சாலையை விட்டு விலகிப் பாதையில்லாத இடத்தைத் தேடிப் போனார்கள். எண்பதுகளில் நம் மலையூர்களுக்குத் தபாலும் மருந்தும் சம்பளப் பணமும் கொண்டுபோனவர்களுக்கு விட்டு விலகுவதற்குச் சாலை என்று ஒன்று இருந்தால்தானே? அவர்கள் யெஸ்டியிலும் ராஜ்தூத்திலும் போனார்கள். அவர்களுக்குக் கோப்பை எதுவும் தரப்படவில்லை. பயணப்படி கிடைத்தது, அதுவும் தாமதமாக.

என்னிடம் இருப்பது 1984-ஆம் ஆண்டின் யெஸ்டி ரோட்கிங். ஒற்றை சிலிண்டர், இரட்டைப் புகைக்குழாய். இடப்பக்கத்தில் ஒரே ஒரு நெம்புகோல். அதை உள்ளே அழுத்தி மேல்நோக்கித் திருப்பினால் உதைகோல், பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் கியர். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்கூட முதன்முறை இதன்மேல் ஏறினால், கிளப்பத் தெரியாமல் வலப்பக்கம் குனிந்து எதையோ தேடுவார்கள். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்காகவே நான் சிலரிடம் சாவியைக் கொடுப்பதுண்டு. (2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி ஐம்பது ஆண்டுகள் கடந்தால்தான் ஒரு வண்டி 'விண்டேஜ்' என்ற தகுதியைப் பெறும். ஆகவே என் யெஸ்டி இன்றைக்குச் சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. பசுமை வரி கட்டுகிற கிழம். 2034-இல் அது அரும்பொருள் ஆகும். அப்போது எனக்கும் ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும்.)

2016-இல் போளூருக்கு அருகில் ஒரு செங்கல் சூளைக்காரரிடமிருந்து 22,000 ரூபாய்க்கு அதை வாங்கினேன். சூளைத் தூள் படிந்து, வண்டியே சுட்ட மண்ணால் செய்தது போல் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் அவர் இரண்டாவது உரிமையாளர். "மொதல்ல இது ஒரு மாட்டு டாக்டர் வண்டி சார். மலைக்கெல்லாம் போய் வரும்" என்று பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார். கேட்டேன், மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. எஞ்சின் சுழல்கிறதா, எண்கள் பொருந்துகின்றனவா என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

திருவண்ணாமலையில் எனக்கு வாய்த்த மெக்கானிக்கைப் பாய் என்றே அழைப்பேன். அறுபதைக் கடந்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தவர். இரட்டை வீச்சு எஞ்சினின் நோயை அவர் புகையின் நிறத்திலும் மணத்திலும் கண்டுபிடிப்பார். நாடி பார்க்கும் வைத்தியர் போல எஞ்சினின்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். கிராங்கைப் பிரித்தோம். கனெக்டிங் ராடு போயிருந்தது. இரு பக்கத்து ஆயில் சீல்களும் மரத்துப்போயிருந்தன. புகைக்குழாய்களுக்குள் கரி அடைத்து, காற்றுப் போவதற்கு விரல் நுழைகிற வழிதான் மிச்சமிருந்தது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துச் சுரண்டினோம். சிலிண்டருக்குப் போர் போட்டு அடுத்த அளவு பிஸ்டன் மாட்டினோம். சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்து சில உதிரிகளை வாங்கி வந்தேன். இந்த வேலைகளைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுத எனக்கு ஆசைதான். வாசகர்கள் மீதுள்ள இரக்கத்தால் நிறுத்திக்கொள்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. எஞ்சின் வேலை முடிந்து சட்டத்துக்கு வந்தபோது அதில் பிற்காலத்தவர் செய்த 'திருத்தங்கள்' தெரிந்தன. பின்சக்கரத்தில் கம்பெனி கொடுத்த பல்சக்கரம் இல்லை. ஏதோ லேத் பட்டறையில் வெட்டிய, அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது. அது உள்ளே அடங்காததால், யெஸ்டிக்கே அழகான மூடிய செயின் பெட்டியை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். பின்பக்கம் வலப்புறத்தில், புகைக்குழாய்க்கு மேலே நன்கு உயரத்தில், இரும்புப் பட்டையால் ஒரு கோணல் சட்டத்தை வெல்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். அதன் இடுக்குகளில் டயரை வெட்டித் திணித்த ரப்பர்த் துண்டுகள். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஒரு பக்கமாக மட்டும் இருந்ததால் வண்டிக்கு ஊனம் போலவும் தோன்றியது.

நான் பதிப்பு வரலாற்றைப் பாடமாக நடத்துகிறவன். ஏடெழுதியவர்களின் கைப்பிழைகளையும் இடைச்செருகல்களையும் களைந்து மூலத்தைத் தேடுவதே பதிப்பாசிரியரின் வேலை என்று ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களுக்குச் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்ட கதையைச் சொல்லும்போது என் குரல் சற்றே உயரும் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். ஆகவே எனக்குத் தயக்கமே எழவில்லை. மைசூர்த் தொழிற்சாலையின் வாசலைவிட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படி இருக்க வேண்டும் வண்டி. மற்றதெல்லாம் இடைச்செருகல்.

பாய் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டுச் சற்று நின்றார். "சார், இத வெச்சவன் ரெண்டு எடத்துல வெல்டு போட்டு, நடுவுல ரப்பர் குடுத்திருக்கான். சும்மா வெக்கல" என்றார். "எடுத்துடுங்க பாய்" என்றேன். பொறி பறந்தது. அறுத்த இடத்தைத் தேய்த்து, பட்டி பூசி, மறுபடியும் தேய்த்து, கறுப்பு வண்ணம் அடித்தபோது அங்கே ஒன்று இருந்த சுவடே தெரியவில்லை. பல்சக்கரத்துக்கும் செயின் பெட்டிக்கும் பதிலாகக் கம்பெனிச் சரக்கைத் தேடிப் பிடித்து மாட்டினேன். பட்டறை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். எல்லாமுமாக இரண்டு ஆண்டுகள்.

வண்டியை ஜவ்வாது மலைக்கு ஓட்டிப்போனேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை நல்ல தார்ச்சாலை இருக்கிறது. அதிலிருந்து கிளைபிரிந்து ஊர்களுக்குப் போகும் மண்தடங்களில்தான் எனக்கு வேலை. சாமைக் கொல்லைகளின் ஓரமாகப் போகிற செம்மண் வழிகள். தட்டையான இடத்தில் யெஸ்டி பாடியது. ஏற்றம் வந்ததும் திணறியது. முதல் கியரிலேயே வேகம் கேட்டது; வேகம் கொடுத்தால் கற்களில் துள்ளியது; மெதுவாக விட்டால் நின்றுபோனது. எஞ்சினைக் குறைசொன்னேன், கார்புரேட்டரைக் குறைசொன்னேன், என் உடல் எடையையும்கூடச் சொன்னேன்.

இறக்கத்தில் வேறொரு பாடம். இந்த எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போய்ச் சேர வேண்டும். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோல் குறையும். கூடவே எண்ணெயும் குறையும். எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டே வறண்டுபோகும். ஆகவே மலை இறங்கும்போதும் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைத் திருகி அதற்கு ஒரு மடக்கு கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இதைப் பாய் சொல்லியிருந்தார். கேட்டதோடு செய்தும் பார்த்த அறிவுரைகளில் இது ஒன்று.

முதல் உரிமையாளரைத் தேடிப் போனது என் சொந்த யோசனை அல்ல. சூளைக்காரர் ஒருநாள் என்னைச் சந்தையில் பார்த்து, "மாட்டு டாக்டரு இன்னும் இருக்காரு சார், வண்டிய ஒருவாட்டி காட்டுங்க, சந்தோசப்படுவாரு" என்றார். பாராட்டு கிடைக்கும் என்ற நப்பாசையில் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபது வயதுக்கு மேல். சத்தம் கேட்டே வெளியே வந்து நின்றார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். வலப்புறம் பின்னால் வந்ததும் குனிந்து, சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "நல்லா மொழுக்கிட்டீங்க தம்பி" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மோர் குடித்த பிறகு, "மேல போலாமா?" என்றார். அவர் மனைவி கூடாதென்று சொல்லச் சொல்ல, வேட்டியை மடித்துக் கட்டிப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு தடத்தைக் காட்டினார். போகப் போக, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே என் தோளை விரலால் தட்டினார். ஒரு தட்டு என்றால் கியரைக் குறை என்று பொருள். யாரும் சொல்லித்தராமலே எனக்குப் புரிந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு காட்டோடை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள். நடு ஓடையில் வண்டி நின்றது.

"பின்னால எத்தன பல்லு?" என்றார் பின்னாலிருந்து.

"கம்பெனி அளவுதான் ஐயா."

"கம்பெனிக்காரன் இங்க வந்தானா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். இருவரும் தண்ணீரில் இறங்கினோம். அவர் இடப்பக்கம் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் வலப்பக்கம் போய்ப் பின்னாலிருந்து தள்ளக் குனிந்தேன். உடனே அவர், "அந்தப் பக்கம் வேணாம் தம்பி, பொட்டி இடிக்கும்" என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. நான் நிமிர்ந்து, வழுவழுப்பாக நானே பூசவைத்த கறுப்பு வண்ணத்தைப் பார்த்தேன்.

கரையேறியபின் ஒரு பாறையில் உட்கார்ந்து சொன்னார். வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போட்ட காலம். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, கழிச்சல் எடுத்து, வாரம் பத்து நாளில் செத்துப்போகும். ஒரு மாட்டுக்கு வந்தால் அந்தப் பட்டியே போய்விடும். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அதற்குத் தடுப்பூசி தயாரித்தார்கள். உலர்த்தித் தூளாக்கிய மருந்து, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில். வெப்பம் ஆகாது. குளிர்ந்த உப்புநீரில் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இல்லையேல் அது வெறும் தண்ணீர். போளூரில் பனிக்கட்டி வாங்கி உமி போட்டு மூடி, பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்புவாராம். அதற்காக அவர் தன் கைக்காசில் செய்வித்தது அந்தச் சட்டம். புகைக்குழாயின் சூடு எட்டக் கூடாது; ஓடைத் தண்ணீர் படக் கூடாது; ஆகவே அவ்வளவு உயரம். ஏற்றத்தில் வண்டியைத் தள்ளுகிறவன் இடப்பக்கம் நிற்பான், ஆகவே வலப்பக்கம். குப்பிகள் உடையாதிருக்க டயர் ரப்பர். பெட்டியோடு ஏற்றத்தில் ஊர்ந்து போக வேண்டும். ஆகவே பெரிய பல்சக்கரம்.

"ஒருவாட்டி இதே ஓடையிலதான் வண்டியோட சாஞ்சிட்டேன். காலு போச்சு, மூணு வாரம் கட்டு. குப்பி ஒண்ணுகூட ஒடையல" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், நம் தமிழ்நாட்டில்தான். 2006-இல் இந்தியா அந்நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனித முயற்சியால் அடியோடு ஒழிக்கப்பட்ட நோய்கள் பெரியம்மையும் இதுவும் ஆக இரண்டே. இந்தத் தகவல்களையெல்லாம் நான் அன்றிரவு வீட்டுக்கு வந்தபின் படித்தேன். வண்டியை வாங்குமுன் படிக்க எனக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. சூளைக்காரர் என்னிடம் "மாட்டு டாக்டர்" என்று சொல்லத்தானே செய்தார்?

உ.வே.சா.வைப் பற்றி நான் வகுப்பில் சொல்லும் பாதியை மட்டும் நம்பியிருக்கிறேன் என்று தோன்றியது. மறுபாதியையும் நானே சொல்லி வந்திருக்கிறேன். புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்களை மூடி மறைத்து அடுத்த பாட்டை இழுத்து நிரப்பவில்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறது. பொருள் விளங்காத இடத்தைப் பிழை என்று வெட்டிவிடாமல், கிடைத்த பாடபேதங்களை அடியில் குறித்து வைக்கிற பொறுமை அது. நானோ ஒரு கிரைண்டரால் பதிப்பித்திருந்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு டால்டா டப்பாவிலிருந்து பெரிய பல்சக்கரத்தை எடுத்து வந்தார். எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருந்தார். "கேப்பீங்கன்னு தெரியும் சார். எப்பன்னுதான் தெரியல" என்றார். அறுத்த செயின் பெட்டியும் பரணில் இருந்தது. இரும்புச் சட்டம் மட்டும் இல்லை. அதைப் பையன் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டிருந்தான். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். எந்த வருஷம் போட்டது என்று கேட்டுவிட்டு, பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

என்னிடம் இருக்கும் பழைய படங்களில் தேடினேன். வாங்கிய அன்று எடுத்த ஒரே ஒரு படத்தில் வண்டியின் பின்பகுதி தெரிகிறது. சட்டம் இருக்கவேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.

"அளவு சொன்னீங்கன்னா புதுசா அடிச்சிடலாம்" என்றார் பாய். பெரியவருக்குத் தொலைபேசியில் கேட்டேன். "எதுக்கு தம்பி? நோயே போச்சு. நீங்க என்னாத்த எடுத்துட்டுப் போவப் போறீங்க?" என்றார். சாப்பாட்டு டப்பாவும் விடைத்தாள் கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

பல்சக்கரத்தை மாட்டியபின் அந்த ஓடையை வண்டி ஊர்ந்தே தாண்டுகிறது. கால் ஊன்ற வேண்டியிருப்பதில்லை. புதுச் சட்டம் செய்யவில்லை. பாயிடம் சொல்லி, வலப்புறம் பின்னால் பூசிய வண்ணத்தையும் பட்டியையும் மட்டும் சுரண்டச் சொன்னேன். அடியில் வெல்டு வைத்த தழும்புகள் இரண்டு, ஒரு ரூபாய்க் காசு அளவில். வெறும் இரும்பாக இருப்பதால் மழை நாளில் துரு பிடிக்கிறது. ஞாயிறுதோறும் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு அங்கே துடைத்துவிடுகிறேன்.